ஆம்பூரில் நிற்கும் போர்ஷே 911: தரகர் காட்டும் அச்சத்தில் எவ்வளவு உண்மை?

ஆம்பூரிலிருந்து நீங்கள் எழுதியிருப்பது இது. அப்பா 2007-இல் புதிதாக வாங்கிய போர்ஷே 911 கரேரா எஸ், ஆட்டோமேட்டிக், டி.என். 23 (வேலூர்) பதிவு, 41,000 கிலோமீட்டர் ஓடியது. அப்பா காலமான பிறகு மூன்று ஆண்டுகளாகத் தோல் கிடங்கின் ஓரத்தில் உறை போட்டு நிற்கிறது. சென்னையிலிருந்து வந்த தரகர் ஒருவர், "இந்த எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் போய்விடும், இதன் செலவை உங்களால் தாங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, ஒரு நடுத்தரப் புதிய காரின் விலைக்குக் கேட்டிருக்கிறார். கொடுத்துவிடலாமா, வைத்திருந்தால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: தரகர் காட்டும் அச்சத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பேரம்? அது தெளிந்தால் விலையும் செலவும் தாமாகத் தெளியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்த வகை வண்டிகளோடு இருக்கிறேன். முதல் பதினைந்து ஆண்டுகள் சென்னையில் பட்டறை வேலை. இப்போது காட்பாடியில் இருந்துகொண்டு, பழைய வெளிநாட்டு வண்டி வாங்க நினைப்பவர்களுக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் போய் வண்டியைச் சோதித்துச் சொல்கிறேன். வாங்குபவரின் பக்கத்தில் நின்றே பழகியவன் என்பதால் அவர் எதற்கு அஞ்சுகிறார் என்பது எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட வண்டிக்கு மாடலும் வருடமும் பார்த்து யாரும் விலை வைப்பதில்லை. "அடுத்த பில் எவ்வளவு வரும்?" என்று வாங்குபவர் மனத்தில் ஒரு தொகை ஓடுகிறது. அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்கிறார். விவரம் எதுவும் இல்லாத இடத்தில் அந்தத் தொகை பூதம் போல வளரும். தரகர் இப்போது செய்துகொண்டிருப்பது அந்தப் பூதத்துக்குத் தீனி போடுவதுதான்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எஞ்சினுக்குள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கும் நடுவில், செயின்களால் இணைக்கப்பட்ட இடைத்தண்டு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையை ஒரு பால் பேரிங் தாங்குகிறது. அந்த பேரிங் உடைந்தால் செயின் தளர்ந்து, வால்வுகள் பிஸ்டனில் மோதி, எஞ்சின் ஒரே நொடியில் பழைய இரும்பாகிவிடும். ஆங்கில எழுத்துகளில் "ஐ.எம்.எஸ். பேரிங்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக இது பற்றி ஒரு கூட்டு வழக்கு நடந்து, 2013-இல் சமரசத்துக்கு வந்தது. உங்கள் வண்டி அதற்குப் பிந்தியது. 2005-க்குப் பின் வந்த எஞ்சின்களில் பெரிய பேரிங் வைத்தார்கள். உடைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு குறையும் உண்டு. பழைய சிறிய பேரிங்கை எஞ்சினைப் பிளக்காமல் மாற்றிவிடலாம். உங்களுடையதை மாற்ற எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும். 2009 மாடலிலிருந்து கரேராவுக்கு வந்த புதிய எஞ்சினில் இந்த இடைத்தண்டே கிடையாது. அதனால்தான் இரண்டே ஆண்டு வித்தியாசத்தில் விலை இவ்வளவு தாவுகிறது. இதுவரை சொன்னது உறுதியானது. நின்றே கிடந்த வண்டிகளில் பேரிங் சீக்கிரம் போகிறது என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் அதை அனுபவத்தில் எழுந்த கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

தரகர் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்கு அதைவிட முக்கியம். இந்த 3.8 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழும் நோய் உண்டு. பிஸ்டன் மேலிருக்கும் பூச்சு தேய்ந்து, சுவரை நீளவாக்கில் உரசிக் கோடு போடும். எஞ்சின் சூடானதும் ஒரு பக்கத்திலிருந்து "டொக் டொக்" என்று தட்டும் ஓசை, ஒரு பக்கத்துப் புகைக்குழாயின் வாயில் மட்டும் படியும் கரி, கூடிக்கொண்டே போகும் ஆயில் செலவு ஆகியவை அதன் அடையாளங்கள். குளிர் நாடுகளில்தான் இது அதிகம் என்பது பொதுவான அனுபவம். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் தார் உருகினாலும், குளிர்ந்த எஞ்சினை முறுக்கி ஓட்டும் கொடுமை இல்லை என்பது நமக்குச் சாதகம். ஆனால் அந்த நம்பிக்கையில் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. 2016-இல் ராணிப்பேட்டையைச் சேர்ந்த ஒருவருக்காக இதே வகை வண்டி ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் காம்ப்ரஷன் சோதனை செய்தேன், ஆறு சிலிண்டரும் சமமாக இருந்தன. நல்ல வண்டி என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதத்தில் கரி படிந்து, திறந்து பார்த்தபோது ஒரு சிலிண்டரில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது. காம்ப்ரஷன் தேறினாலும் கீறல் இருக்கலாம் என்பதை அன்று பிறர் காசில் கற்றேன். அதன் பிறகு எஞ்சினின் ஆயில் அடித்தொட்டியைக் கழற்றி, பிஸ்டனை மேலே ஏற்றி நிறுத்தி, கீழிருந்து குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்காமல் இந்த எஞ்சினுக்கு நான் வாய்ச்சொல் கொடுப்பதில்லை. தீப்பொறி பிளக் ஓட்டை வழியாக மேலிருந்து பார்ப்பவர்கள் உண்டு. கீறல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இருப்பதால் அது போதாது.

இனி ஆண்டுச் செலவு. இந்த வண்டியின் செலவு கிலோமீட்டரை விட நாட்காட்டியைத்தான் அதிகம் பின்தொடர்கிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் எஞ்சின் ஆயில் ஆண்டுக்கு ஒருமுறை மாற வேண்டும். ஏறத்தாழ எட்டு லிட்டர் பிடிக்கும். பிரேக் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டயர் தேயாமலே கிழடாகும். ஆறு ஆண்டு தாண்டிய டயரில் இந்த வேகத்துக்குரிய வண்டியை ஓட்டக் கூடாது. உங்கள் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: "2318" என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. முன்னே 235/35, பின்னே 295/30, நான்கும் 19 அங்குலம். போர்ஷே ஒப்புதல் பெற்ற டயரில் "என்" என்ற எழுத்தும் அதற்குப் பக்கத்தில் ஓர் இலக்கமும் இருக்கும். விவரம் தெரிந்த வாங்குநர் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

என் கையில் வந்து போன பில்களை வைத்துச் சொன்னால், நல்ல தனியார் பட்டறையில் வருடாந்தரச் சர்வீஸ் அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை ஆகிறது. நான்கு டயர் ஒன்றரை முதல் இரண்டரை லட்சம். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் தட்டும் பேடும் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். வாட்டர் பம்ப், இக்னிஷன் காயில்கள், ஏ.சி. கண்டென்சர் என்று ஆண்டுக்கு ஏதாவது ஒன்று கையை நீட்டும். டயரையும் பிரேக்கையும் அவற்றின் ஆயுளுக்குப் பங்கிட்டுப் பார்த்தால், ஒழுங்காக இருக்கும் வண்டிக்கு ஆண்டுச் சராசரி ஒன்றரை முதல் இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை என் அனுபவத்து மதிப்பீடுகள். பட்டறைக்குப் பட்டறை மாறும். காப்பீட்டில் மூன்றாம் தரப்புப் பகுதி 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 7,897 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான பகுதி, காப்பீட்டு நிறுவனமும் நீங்களும் ஒத்துக்கொள்ளும் மதிப்பைப் பொறுத்தது. ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு அப்படித்தான். மேலே சொன்ன எஞ்சின் நோய் வந்தால் மட்டும் கணக்கே வேறு. அது வண்டியின் விலையில் பாதியை ஒரே வாயில் விழுங்கும். ஆகவே தரகர் சொல்வது போல "தாங்க முடியாத செலவு" என்பது ஆண்டுச் செலவைப் பற்றியது என்றால் மிகை. எஞ்சினைத் திறந்து பார்க்காமல் வைத்திருப்பதைப் பற்றியது என்றால் நியாயம்.

மூன்று ஆண்டு நின்ற வண்டி என்பதால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆசைக்காகக்கூட இப்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். தொட்டியில் கிடப்பது மூன்று ஆண்டுப் பெட்ரோல். அதில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்த்திருக்கும். சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் வற்றிப்போயிருக்கும். கீறலுக்கு அஞ்சும் எஞ்சினை உலர்ந்த நிலையில் சுழற்றுவது நாமே கீறல் போடுவது போல. 64 லிட்டர் தொட்டியை முதலில் வடித்துவிட வேண்டும்.

அடுத்து பேட்டரி. இந்த வண்டியில் எஞ்சின் பின்னே, சாமான் பெட்டி முன்னே. பேட்டரி அந்த முன் பெட்டிக்குள் இருக்கிறது. முன் மூடியோ மின்சாரத்தில்தான் திறக்கும். பேட்டரி செத்தால் பேட்டரி இருக்கும் பெட்டியே திறக்காது என்று பலர் திகைத்து, கடப்பாரை வரை போய்விடுகிறார்கள். காருக்குள் கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃபியூஸ் பெட்டி இருக்கும். அதில் ஒரு சிவப்பு முனையை வெளியே இழுக்கலாம். அதில் வேறொரு 12 வோல்ட் பேட்டரியின் நேர்முனையையும், கதவின் தாழ் மாட்டும் இரும்பில் எதிர்முனையையும் கொடுத்து, மூடியின் பொத்தானை அழுத்தினால் "டக்" என்று விடுபடும். விஷயம் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

மூடி திறந்ததும் முன் பம்பரின் இரு மூலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்சரும் அந்த இரண்டு மூலைகளில், காற்று வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. சாலையில் கிடக்கும் எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஆற்காட்டில் ஒரு வண்டியின் பம்பரைக் கழற்றியபோது ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் இரண்டு கை நிறையப் புளிய இலை வந்தது. வெளியே காய்ந்து பொடியாக, உள்ளே ஈரத்தில் கறுத்து எருப் போல. அந்த எரு அலுமினியத்தை அரித்துத் துளை போடும். அந்த உரிமையாளர் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதெல்லாம் சூட்டு முள் உயர்கிறது என்று இரண்டு ஆண்டாக எங்கெங்கோ காசு கொடுத்துக்கொண்டிருந்தார். கழற்றி, தூரிகையால் துடைத்து, மெல்லிய கம்பி வலை வைத்ததோடு சரியாகிவிட்டது. உங்கள் கிடங்கைச் சுற்றிப் புளியமரம் இருக்கிறதா என்று தெரியாது. எலி இருக்கும் என்பது நிச்சயம். ஒயர்களையும் பாருங்கள்.

பிறகு வண்டியை மேடை லாரியில் ஏற்றி, சென்னைக்கோ பெங்களூருக்கோ, இந்த எஞ்சினைத் திறந்து பழகிய பட்டறைக்கு அனுப்புங்கள். கயிறு கட்டி இழுக்க வேண்டாம். அங்கே நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கி எறியாமல் உங்கள் முன் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் காகித மடிப்பை வெள்ளைத் துணியின் மேல் விரித்து, அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். காந்தத்தோடு ஓடும் மினுமினுப்பு எஃகு. அது பேரிங்கிலிருந்து வரக்கூடியது, உடனே நிறுத்த வேண்டிய செய்தி. காந்தத்துக்கு அசையாத வெள்ளிப் பொடி அலுமினியம். சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். நிறமுள்ள பிளாஸ்டிக் துணுக்கு செயினைத் தாங்கும் பட்டையின் தேய்மானம். ஒன்றுமே இல்லாமல் கறுப்பு ஆயில் மட்டும் கசிந்தால், அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். விற்கும்போது அது ஒரு லட்ச ரூபாய் விளம்பரத்தைவிட அதிகம் பேசும்.

இரண்டாவது, ஸ்கேனரில் எஞ்சின் கணினியைப் படித்து அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் பதிவாகியிருக்கும். மீட்டர் காட்டும் 41,000-ஐ அந்த மணியால் வகுங்கள். 1,000 மணி என்று வந்தால் சராசரி 41 கிலோமீட்டர். ஆம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் போய் வந்த வண்டிக்கு மிகவும் பொருந்துகிற கணக்கு. 2,000 மணி என்று வந்தால் சராசரி ஏறத்தாழ 20. ஒன்று நகர நெரிசலிலேயே ஊர்ந்திருக்க வேண்டும், அல்லது மீட்டரில் யாரோ கை வைத்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவே முதல் உரிமையாளர் என்பதால் உங்களுக்கு இதில் பயமில்லை. வாங்குபவருக்கு உண்டு. அந்த ஒற்றைத் தாள் அவர் பயத்தைத் தீர்க்கும். எஞ்சின் எத்தனை முறை வரம்பு மீறிச் சுழன்றது என்பதும் ஆறு படிகளாகப் பதிவாகும். ஆட்டோமேட்டிக் வண்டியில் மேல் படிகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும், இருந்தாலும் அச்செடுங்கள். மூன்றாவது, நான் மேலே சொன்ன கேமரா சோதனை, படங்களோடு. இதற்குத் தயங்கும் பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.

இந்தச் சோதனை, திரவங்கள், பேட்டரி, டயர் எல்லாம் சேர்ந்து மூன்று முதல் ஐந்து லட்சம் வரை வரலாம். "விற்கப் போகிற வண்டிக்கு எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். ஓடாத வண்டியை வாங்குபவர் எஞ்சின் போய்விட்டது என்று வைத்தே விலை சொல்வார், அதனால்தான். ஆனால் செலவழிக்கக் கூடாத இடங்களும் உண்டு. வண்ணம் அடிக்காதீர்கள். பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. மறுபூச்சு கண்டதும் விபத்து என்றே நினைப்பார்கள். மூக்கில் கல் பட்ட புள்ளிகளும், வேகத்தடையில் உரசிய கீழ் உதடும் அப்படியே இருக்கட்டும், படத்தில் அவற்றையும் காட்டுங்கள். உங்கள் ஊரில் தோல் வேலையில் வல்லவர்களுக்குப் பஞ்சமில்லை, தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் ஊர் அது. ஆனாலும் இருக்கையின் தோலை மாற்றிவிடாதீர்கள். பதினெட்டு ஆண்டு சுருக்கம் விழுந்த அசல் தோலுக்கு இருக்கும் மதிப்பு அழகான புதுத் தோலுக்கு இல்லை. அதற்குப் பதில் வீட்டை நன்றாகத் தேடுங்கள்: சர்வீஸ் புத்தகம், பழைய பில்கள், இரண்டாவது சாவி, டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர், சக்கரப் பூட்டு போல்ட்டைக் கழற்றும் தனி சாக்கெட். கடைசியாகச் சொன்னது உள்ளங்கை அளவுதான். அது தொலைந்த வண்டியில் பஞ்சர் போடக்கூடப் பாடுபட்டிருக்கிறேன். அப்பா அலுவலக மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கக்கூடும்.

இப்போது காகிதங்கள். நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை, ஆனால் பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கக்கூடும். சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 2007-இல் பதிந்தது 2022-இல் முடிந்திருக்கும். அப்பா காலமானதும் ஏறத்தாழ அப்போதுதான். அவர் புதுப்பித்திருந்தால் 2027 வரை கவலை இல்லை. இல்லையென்றால் இந்த வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது. மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கிறது. புதுப்பிக்கும் கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய். இறக்குமதிக் கார் என்று பதிவாகியிருந்தால் 40,000. இருபது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்ட்டில் இதை இரட்டிப்பாக்கிவிட்டார்கள். இறக்குமதிக் காருக்கு 80,000. உங்கள் வண்டி 2027-இல் அந்தக் கோட்டைத் தொடும் என்பதை வாங்குபவரும் கணக்குப் போடுவார். புதுப்பிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டி ஓடிக் காட்ட வேண்டும். முதலில் ஓட வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் மாற்றம் அடுத்தது. உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டதால் அபராதம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். மற்ற வாரிசுகளின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவர் பெயரிலேயே வண்டியை விற்றுவிடலாம், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தரகர் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். சட்டகத்தில் பொறித்த 17 எழுத்து எண், பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்றும் சரிபாருங்கள். அது டபிள்யூ, பி, பூஜ்யம் என்று தொடங்கும். பத்தாவது இடத்தில் இருக்கும் 7 மாடல் ஆண்டைக் குறிக்கும்.

விற்கும் நாளில் பெரும்பாலோர் ஏமாறுவது உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும். வாங்குபவர் பெயரையும் தேதியையும் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவது தரகர்களின் வாடிக்கை. அவர்கள் கையிலிருந்து வண்டி மூன்று பேரிடம் மாறும். ஆவணத்தில் நீங்களே உரிமையாளராக நிற்பீர்கள். பலர் கைமாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பணம் வந்துவிட்டது, சாவி கொடுத்துவிட்டேன் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். அவரையே உங்களோடு அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். பழைய கார் வியாபாரியிடம் கொடுப்பதானால், 2023 முதல் நடப்பிலுள்ள விதிப்படி அவரிடம் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும். வண்டி கைமாறிய செய்தியைப் படிவம் 29சி-யில் பதிந்தால் அன்றிலிருந்து பொறுப்பு அவருடையது. அந்தச் சான்றைக் காட்டாதவர் வியாபாரி இல்லை, இடையில் நிற்பவர்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. வண்டி அப்பாவின் சொந்தப் பெயரில், சொந்தப் பயன்பாட்டுக்கு இருந்தது என்றால் மூலதன ஆதாய வரி வராது. நிறுவனக் கணக்கில் தேய்மானம் எழுதி வந்த வண்டி என்றால் வருமான வரி, ஜி.எஸ்.டி. இரண்டுமே வேறு கணக்கு. அதை உங்கள் ஆடிட்டரிடமே கேளுங்கள். அது என் தொழில் இல்லை.

பெங்களூரு வாங்குநர் கூடுதல் விலை சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். அவருக்குத் தடையின்மைச் சான்று எடுத்துத் தர வேண்டும், கர்நாடகத்தில் அவர் மறுபடி ஆயுள் சாலை வரி கட்ட வேண்டும். அந்த வரி கடைசி நேரத்தில் உங்கள் விலையிலிருந்து கழியும். தமிழ்நாட்டுக்குள்ளேயே, முதல் உரிமையாளர் குடும்பத்திடமிருந்து வாங்குவதற்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவு, அதனால் நாளாகும். மூன்று நான்கு மாதம் ஆனாலும் அது வண்டியின் குறை இல்லை.

விலையை வண்டியைப் பார்க்காமல் யார் சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பாதீர்கள். வழியை மட்டும் சொல்கிறேன். நாடு முழுவதும் இதே எஞ்சினோடு விற்பனைக்கு இருக்கும் வண்டிகளின் கேட்பு விலையைத் திரட்டுங்கள். மாதக் கணக்கில் விற்காமல் நிற்பவற்றை ஒதுக்குங்கள். 2009-க்குப் பிந்திய எஞ்சின் உள்ளவற்றோடு ஒப்பிடாதீர்கள். கேமராவில் சிலிண்டர்கள் சுத்தமாக இருந்தால், அந்த வரிசையின் மேல் பாதியில் உங்கள் வண்டியை வைக்கலாம். கீறல் தெரிந்தால் பழுது பார்க்க இறங்க வேண்டாம். படங்களைக் காட்டி, எஞ்சின் வேலை வேண்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, அந்தச் செலவைக் கழித்து விற்றுவிடுங்கள். அந்த நிலையிலும் தரகர் இப்போது கேட்கும் விலைக்குக் குறையாது என்றுதான் நினைக்கிறேன். வைத்துக்கொள்வதா என்பதை ஆண்டுக்கு ஆகும் இரண்டு லட்சத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மாதம் இரண்டு முறையாவது நாற்பது ஐம்பது கிலோமீட்டர், வேலூர் வரை போகும் அளவுக்கு, எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி ஓட்ட உங்களுக்கோ வீட்டில் வேறொருவருக்கோ மனமும் நேரமும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி உறை போட்டு நிறுத்துவதானால் விற்றுவிடுங்கள். இன்னும் மூன்று ஆண்டு நின்றால், இன்று மூன்று லட்சத்தில் முடிவது முடியாமல் போகலாம்.

தரகரிடம் இரண்டு மாதம் கழித்துச் சொல்வதாகச் சொல்லுங்கள். அவர் போனால் வேறொருவர் வருவார். இதற்கிடையில் பதிவுச் சான்றில் எந்தத் தேதி வரை போட்டிருக்கிறது, டயரின் நான்கு இலக்கம், கணினி காட்டும் மணிக்கணக்கு, ஃபில்டர் காகிதத்தின் படம் ஆகிய நான்கையும் இதே இடத்தில் எழுதுங்கள். ஃபில்டர் படத்தை வெயிலில் வைத்து எடுங்கள், குழல் விளக்கு வெளிச்சத்தில் அலுமினியப் பொடி தெரியாது.